வேதசிரோமணி ஓட்டிவந்த லத்தீன் மாடு

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து சைக்கிளில் ஒருவர் வந்தால் ராஜபாளையத்துப் பிள்ளைகள் ஓடிப்போய் மணியை அடித்துப் பார்க்கும். தெருக்கோடி வரை சக்கரத்தோடு கூடவே ஓடும். வேதசிரோமணி வந்தால் மட்டும் தெரு காலியாகிவிடும். அவர் போலீஸ்காரர் அல்ல, ஜப்தி வாரண்டு கொண்டுவரும் சேவகரும் அல்ல. சுகாதார இலாகாவில் அம்மை குத்துகிறவர். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் பிற்பகுதியில் அந்தத் தாலுகாவில் அவரைவிட அதிகக் கைகளைப் பிடித்தவர் யாரும் இல்லை. அவரைவிட அதிகமாக வசவு வாங்கியவரும் இல்லை.

ஆள் நெட்டை, ஒல்லி. இலாகா கொடுத்த காக்கிக் கோட்டை வேறு யாருக்கோ அளவெடுத்துத் தைத்திருந்தார்கள். பூர்வீகம் மெஞ்ஞானபுரம் பக்கம். பிராட்டஸ்டன்ட் வேதக்கோயில் பிரசங்கம் கேட்டே வளர்ந்தவர் என்பதால், பால்காரியிடம் பேச வாயெடுத்தாலும் "அன்பான சகோதரியே" என்றுதான் ஆரம்பிப்பார். சைக்கிளின் பின்னால் ஒரு தகரப்பெட்டி கட்டியிருக்கும். அதற்குள் ஸ்பிரிட் விளக்கு, கையில் கீறுவதற்கான சின்னக் கத்தி, ஈரத்துணியில் சுற்றிய கண்ணாடிக் குழாய்களில் அம்மைப்பால். அம்மைப்பால் என்று பெயரே தவிர அது பால் அல்ல. கன்றுக்குட்டியின் தோலில் மாட்டம்மையை வளர்த்து, சுரண்டி எடுத்து, சென்னையிலிருந்து அனுப்புகிற மருந்து. கையில் கீறி அதைத் தடவினால் கொப்புளம் வரும், காயும், வடுவாகும். பெரியம்மை பிறகு அந்த உடம்பை நெருங்குவது அபூர்வம்.

இதைச் சனங்களிடம் சொல்லிப் புரியவைப்பதற்குள் அவருக்குப் பாதி உயிர் போய்விடும். அம்மை என்பது நோயா, ஆத்தா விரும்பி வந்து இறங்குவதல்லவா என்பது ஊரின் கட்சி. அந்தக் கட்சியிடம் ஒரு பெரிய ஆயுதமும் இருந்தது. அம்மை போட்ட வீட்டு வாசலில் வேப்பங்குழை செருகிவிட்டால் அந்நியர் யாரும் உள்ளே நுழையக் கூடாது. வீட்டில் தாளிக்கக் கூடாது, பொரிக்கக் கூடாது. அம்மை இறங்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றும் வரை அந்த வீடு ஆத்தாளுடையது. வேதசிரோமணியின் சைக்கிள் தெருமுனையில் தெரிந்த மாத்திரத்தில், ஒரு கொப்புளம்கூட இல்லாத வீடுகளில் வேப்பங்குழை ஏறிவிடும். சர்க்கார் உத்தரவைக் காட்டித் தாழ்ப்பாளைத் திறக்கச் சொல்லலாம். வேப்பங்குழையைப் பிடுங்க எந்தச் சர்க்காராலும் முடியாது. அவர் வாசலில் நின்று விளக்கம் சொல்லிக்கொண்டிருப்பார். உள்ளேயிருந்து கடுகு தாளிக்கிற வாசம் ஜோராக வரும். மூக்கில் ஏறியதை முகத்தில் காட்டாமல் அடுத்த வீட்டுக்குப் போவார்.

இப்படி ஊரார் பொய்யையெல்லாம் மூக்காலேயே கண்டுபிடித்தவரிடம் ஒரு பொய் இருந்தது. அவருடைய மகள் பரிபூரணத்துக்கு ஒன்றரை வயது. அந்தப் பிள்ளையின் கையில் வடு இல்லை. ஊருக்கெல்லாம் குத்துகிறவர் தன் பிள்ளைக்கு இன்னும் குத்தவில்லை. இலாகாவில் யாராவது கேட்டால், "வீட்டுல விடமாட்டேங்கிறா" என்று மனைவி ஞானபாக்கியத்தின் தலையில் போட்டுவிடுவார். தன் பேரில் இப்படி ஒரு பழி ஓடுகிற சங்கதியே ஞானபாக்கியத்துக்குத் தெரியாது.

அந்த வருஷம் கோடையில், செண்பகத்தோப்புச் சாலையில் இருந்த கத்தோலிக்க மிஷன் பங்களாவுக்கு அவர் போக நேர்ந்தது. அங்கே தங்கிப் படிக்கும் பையன்களுக்குக் குத்த வேண்டும். பிராட்டஸ்டன்ட்காரர் ஒருவர் அந்த வாசலை மிதிப்பதே பெரிய விஷயம். சர்க்கார் வேலை என்பதால் பாவத்தில் சேராது என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு போனார். பங்களாவின் பெரிய சாமியார் பிரெஞ்சுக்காரர். தமிழ் நன்றாகப் பேசுவார். அன்று கொடைக்கானல் போகிற வழியில் ஓர் இத்தாலியச் சாமியாரும் வந்து தங்கியிருந்தார். குசினியில் சமைத்தவர் கோவாக்காரர், மிங்கேல் என்று பெயர்.

வேலை முடிந்து காப்பி குடிக்கும்போது வேதசிரோமணி ஒரு சந்தேகம் கேட்டார். இந்த வேலையை இங்கிலீஷில் 'வேக்ஸினேஷன்' என்கிறார்களே, அதற்கு அர்த்தம் என்ன? பத்து வருஷமாக அந்தப் பெயரில் சம்பளம் வாங்கியும் தெரியவில்லை. பெரிய சாமியார் சிரித்தார். அது பசு என்றார்.

அதற்கப்புறம் காப்பி ஆறிப்போனது. லத்தீனில் பசுவுக்கு 'வாக்கா' என்று பேர். ஓர் இங்கிலீஷ் டாக்டர் மாட்டம்மையைக் கொண்டு பெரியம்மையைத் தடுக்கலாம் என்று கண்டுபிடித்து, படித்தவர்களின் வழக்கப்படி லத்தீனில் பேர் வைத்தபோது, அந்தப் பசு மருந்துக்குள் புகுந்துகொண்டது. இத்தாலியர் குறுக்கிட்டு, தங்கள் ஊரில் இன்றும் அதே 'வாக்கா'தான், ஓர் எழுத்து மாறவில்லை என்று நெஞ்சைத் தட்டிச் சொன்னார். குசினியிலிருந்து மிங்கேல் எட்டிப் பார்த்து, போர்த்துகீசிலும் 'வாக்கா'தான், என்ன, சற்று மெதுவாகச் சொல்வோம் என்றார். ஸ்பெயின்காரர் அதையே 'பாக்கா' என்பார்களாம். பெரிய சாமியாரின் பிரெஞ்சு மட்டும் அதைச் சப்பிச் சப்பி 'வாஷ்' ஆக்கிவிட்டது. லத்தீன் செத்த பாஷை என்பார்கள், மாட்டுத் தொழுவத்தில் அது சாகவே இல்லை என்றார் அவர்.

வேதசிரோமணிக்கு இது சட்டென்று பிடிபட்டது. மெஞ்ஞானபுரத்தில் 'வருதேன்' என்பதை ராஜபாளையத்தில் 'வாரேன்' என்கிறார்கள்; ஆள் வருவது ஒன்றுதான். அதுபோல மாடு ஒன்றுதான், ஊருக்கு ஊர் வாய் வேறு. அப்படியானால் நம் 'பசு' எங்கே போயிற்று என்று கேட்டார். இத்தாலியர் கைதட்டிவிட்டார். வடமொழியில் பசு என்றால் எல்லாக் கால்நடையும் சேர்த்தி. லத்தீனில் அதற்குக் கூடப்பிறந்த வார்த்தை 'பெக்கு', அதுவும் கால்நடைதான். இத்தாலியில் அந்த வழியில் வந்த 'பெக்கொரா' இன்று செம்மறியாட்டை மட்டும் குறிக்கிறது. ஒரே வீட்டில் பிறந்த இரண்டு வார்த்தைகள், இங்கே வந்தது பசுவாகவும் அங்கே போனது ஆடாகவும் நின்றுவிட்டன.

பெரிய சாமியார் இன்னும் இரண்டு செய்தி சொன்னார். மாட்டுக்கு லத்தீனில் 'போஸ்' என்றும் ஒரு வார்த்தை உண்டு, அது பிரெஞ்சு வழியாக இங்கிலீஷுக்குப் போய் 'பீஃப்' ஆயிற்று. இந்த வார்த்தையை வேதசிரோமணி பங்களா கேட்டிலேயே இறக்கிவைத்துவிட்டு வந்தார்; ராஜபாளையத்துத் தெருவில் அதைச் சொன்னால் சைக்கிள் மட்டும்தான் திரும்பி வரும். மற்றது, பிரெஞ்சில் ஒரு மனிதனை 'வாஷ்' என்று சொன்னால் ஈவிரக்கம் இல்லாதவன் என்று அர்த்தம். இவ்வளவு சாதுவான பிராணியின் பேருக்கா இப்படி ஓர் அர்த்தம் என்று வேதசிரோமணி வருத்தப்பட்டார். குதிரை பின்னால்தான் உதைக்கும், நிற்கிறவன் ஒதுங்கிக்கொள்ளலாம். பசு பக்கவாட்டில் உதைக்கும், உதைக்கப்போகிறது என்றே தெரியாது என்றார் சாமியார். நம்பி நிற்பவனுக்குச் செய்கிற துரோகத்தை அவர்கள் ஊரில் பசு உதை என்பார்களாம்.

சைக்கிளை மிதித்துத் திரும்பும்போது அவருக்கு ஒரே குஷி. பத்து வருஷமாக இல்லாத ஆயுதம் கைக்கு வந்துவிட்டது. ஆத்தாளோடு சண்டைக்கு நிற்க வேண்டாம், கோமாதாவைக் கூட்டிக்கொண்டு போனால் போதும். அதுமுதல் எந்தத் தெருவில் இறங்கினாலும் அவர் முதலில் ஓட்டிவந்தது அந்த லத்தீன் மாட்டைத்தான். சகோதரிகளே, இது வெள்ளைக்காரன் விஷம் அல்ல. ரோமாபுரியில் இது வாக்கா, ஸ்பெயினில் பாக்கா, பிரான்சில் வாஷ், எல்லாம் நம் வீட்டுப் பசு. அது நமக்குக் கொடுக்கிற வரம்தான் இந்த மருந்து. வயிற்றைக் கலக்குகிற சர்க்கார் நோட்டீஸ்களையே கேட்டுப் பழகிய சனங்களுக்கு இது புதுசாக இருந்தது. தெலுங்கு பேசுகிற ராஜுக்கள் தெருவில் ஒரு பெரியவர், எங்கள் பாஷையில் 'ஆவு', உங்கள் பழைய தமிழில் 'ஆ', இதற்கு ரோமாபுரி வரைக்கும் ஏன் போகணும் என்று கேட்டார். வேதசிரோமணி அசரவில்லை. அதையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார்.

பலன் இருந்தது. கதவுகள் திறந்தன. சில சங்கடங்களும் வந்தன. பசுவின் பால்தானே, கீறுவானேன், ஒரு மடக்குக் குடித்துவிடுகிறோம் என்றார்கள் ஒரு வீட்டில். கறுப்புப் பசுவா, சிவலையா என்று கேட்டு, எது என்று தெரியாமல் குத்திக்கொள்ள முடியாது என்றார் ஒருவர். ஒரு கிழவர் தகரப்பெட்டிக்கு மஞ்சளும் குங்குமமும் வைத்துவிட்டார். அதை அழிக்க மனமில்லாமல் வேதசிரோமணி அப்படியே ஞாயிற்றுக்கிழமை வேதக்கோயில் வாசலில் சைக்கிளை நிறுத்த, போதகரையர் ஆராதனை முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டு ஜெபித்து அனுப்பினார்.

ராஜபாளையத்தில் மில்லுக்குப் போகிறவர்கள் குடியிருந்த தெரு ஒன்று மட்டும் மசியவில்லை. அந்தத் தெருவின் சட்டம் முத்துப்பேச்சி. மூன்று பசுமாடு வைத்து, தெரு முழுக்கப் பால் ஊற்றுகிறவள். பிள்ளைகளுக்குப் பால் ஊற்றுகிற கை என்பதால் அவள் வார்த்தைக்கு மறுவார்த்தை கிடையாது. வேதசிரோமணி தன் மாட்டை அவள் தொழுவத்துக்கே ஓட்டிப்போனார். அவள் பால் கறந்துகொண்டே முழுக்கக் கேட்டாள்.

"அம்புட்டு ஊர்லயும் மாட்டுப் பேரு இதுன்னா, அம்புட்டு ஊர்லயும் பெத்த பிள்ளைக்குக் குத்துதாகளா?"

குத்துகிறார்கள், ராஜா வீட்டுப் பிள்ளைக்கும் உண்டு என்றார்.

"சரி. ஆடிப்பூரம் கழியட்டும். தேர் பாத்துட்டு வந்து நானே தெருவக் கூட்டியாரேன்."

வேதசிரோமணி அன்று வீடு போகும்வரை சைக்கிள் மணியைச் சும்மா சும்மா அடித்துக்கொண்டு போனார்.

ஆடிப்பூரத் தேரன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் கூட்டம் தாங்காது. சுகாதார இலாகாக்காரர்கள் அத்தனை பேருக்கும் அன்று தெருவில்தான் வேலை. முத்துப்பேச்சி வடம் தொட்டுக் கும்பிட்டாள். பிறகு, இம்புட்டு நல்ல மனுசர் வீட்டுக்கு வெறுங்கையோடு போகக் கூடாது என்று ஊரிலிருந்தே கொண்டுவந்திருந்த வெண்ணெய்ச் சட்டியோடு விசாரித்து விசாரித்து அவர் வீட்டுக்குப் போனாள். ஞானபாக்கியம் பாய் போட்டு உட்காரவைத்தாள். புழுக்கத்துக்குப் பிள்ளை இடுப்பில் அரைஞாண் மட்டும் போட்டுக்கொண்டு திரிந்தது. முத்துப்பேச்சி அதைத் தூக்கி மடியில் வைத்து, வெண்ணெயை நாக்கில் தடவி, வலது கையைத் திருப்பிப் பார்த்தாள். இடது கையையும் பார்த்தாள். ஏன் குத்தவில்லை என்று சாதாரணமாகக் கேட்டாள். ஞானபாக்கியமும் சாதாரணமாகவே பதில் சொன்னாள்: அவிய நாளைக்கு நாளைக்கு என்று தள்ளிக்கொண்டே வருதாவ, கேட்டால் சளி என்பாவ, வெயில் என்பாவ, நான் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டேன். முத்துப்பேச்சி வேறு பேச்சுக்குப் போய்விட்டாள். வெற்றிலை போட்டுக்கொண்டு, பிள்ளைக்குத் திருஷ்டி கழித்து, பஸ் ஏறினாள்.

அடுத்த வாரம் புது அம்மைப்பாலோடு வேதசிரோமணி அந்தத் தெருவில் இறங்கியபோது, எல்லா வாசலிலும் வேப்பங்குழை. முத்துப்பேச்சி வீட்டிலும் உண்டு. மாட்டுத் தொழுவத்திலும் ஒன்று தொங்கியது. வழக்கமான விளையாட்டு என்று நினைத்து மூக்கை உயர்த்தினார். கடுகு வாசம் வரவில்லை. ஒரு வீட்டிலும் தாளிக்கவில்லை. சைக்கிளை நேரே முத்துப்பேச்சி வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு போனார்.

வாசலில் நின்ற முத்துப்பேச்சியிடம், எல்லா வீட்டிலுமா ஆத்தா வந்திருக்கிறாள் என்று கேட்டார்.

"அவ வரல. நீங்க வந்திரக் கூடாதுன்னு கட்டிருக்கோம்."

பிள்ளையின் கையை அவள் பார்த்துவிட்டாள் என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பழைய பழக்கத்தில் வாய் தானாக, வீட்டில் விடமாட்டேன் என்கிறாள் அக்கா, பொம்பளை மனசு, என்று ஆரம்பித்தது.

"உங்க வீட்டம்மாகிட்டயே கேட்டுட்டேன், ஐயா."

முத்துப்பேச்சி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சைக்கிளைத் திருப்பித் தள்ளிக்கொண்டு நடந்தார், ஏறி மிதிக்கத் தோன்றவில்லை. பிரெஞ்சுச் சாமியார் சொன்ன பசு உதை நினைவுக்கு வந்தது. உதை வாங்கியது தான் என்றுதான் முதலில் நினைத்தார். மேம்பாலம் இல்லாத அந்தக் காலத்து ரயில்வே கேட்டில் நின்றுகொண்டிருந்தபோது, உதைத்ததும் தான்தான் என்று உறைத்தது.

அவரைக் கோழை என்று சொல்லிவிடுவது சுலபம். பரிபூரணத்துக்கு முன்னால் இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் காய்ச்சலில் போய்விட்டன. அம்மையும் அல்ல, குத்தியதும் அல்ல, வெறும் காய்ச்சல். அதற்கப்புறம் வத்திராயிருப்புப் பக்கத்தில் ஒரு பையனுக்குக் குத்தியபோது கை வீங்கிச் சீழ் வைத்துவிட்டது. பையன் பிழைத்துக்கொண்டான். ஆனால் அந்தத் தாய் இவர் முகத்தைப் பார்த்தாளே, அந்தப் பார்வை இவரை விடவில்லை. ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்குத்தான் அப்படி ஆகும் என்பது அவருக்குத் தெரியும். அந்த ஒன்று தன் வீட்டில் இருந்தால் என்ன செய்வது என்பதுதான் தெரியாது. பிள்ளையின் கையைப் பிடித்தாலே அவர் கை வேலை செய்யாது.

அந்த வாரமே தளவாய்புரத்தில் பெரியம்மை கண்டது. இந்தமுறை நிஜ வேப்பங்குழைகள். ராஜபாளையத்துக்கு அது எவ்வளவு தூரம்? தளவாய்புரத்து நெசவாளிகளும் சந்தைக்காரர்களும் தினம் நடந்து வந்து போகிற தூரம். ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் பஸ் ஓடிக்கொண்டிருந்தது. வேதசிரோமணி வீட்டுக்கு வந்து, கோட்டைக்கூடக் கழற்றாமல், மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

ஞானபாக்கியம் கோபப்படுவதற்கு முன் கொஞ்சம் யோசித்தாள். அம்மை வந்த ஊரைவிட, தன் பேர் கெட்டுப்போன ஊர்கள்தான் அவளுக்கு அதிகமாகத் தோன்றின.

"ஊரு பூரா எம்பேரச் சொல்லிட்டு அலைஞ்சிருக்கீய. வத்திராயிருப்புல கூடவா?"

வத்திராயிருப்பிலும்தான் என்று ஒத்துக்கொண்டார். அவள் பிள்ளையின் சட்டைகளை எடுத்துப் பையில் வைத்தாள். நாளைக் காலை முதல் பஸ்ஸில் போவோம், அந்தப் பால்காரம்மா முன்னாலேயே குத்துங்கள், என் பேரையும் அங்கேயே கழுவிவிடுங்கள் என்றாள்.

தொழுவத்துக்கு முன்னால் ஒரு பெஞ்சைப் போட்டார்கள். தெரு முழுவதும் கூடிவிட்டது. வேப்பங்குழை கட்டிய வாசல்களிலிருந்தே எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைக்க மூன்று தீக்குச்சி செலவாயிற்று. காற்று என்றார். காற்றே இல்லை. பிள்ளையை முத்துப்பேச்சி மடியில் வைத்துக்கொண்டாள். அப்பா எதிரே உட்கார்ந்து கையைப் பிடிக்கவும், ஏதோ விளையாட்டு என்று அது சிரித்தது. மற்றப் பிள்ளைகளிடம் அவர் வழக்கமாகச் சொல்கிற எறும்புக் கதை ஒன்று உண்டு. அதைச் சொல்ல வாய் வரவில்லை. லத்தீன் மாடும் வரவில்லை. குத்தினார். பிள்ளை வீறிட்டது. அதற்கு முன்பே அவர் கண்ணிலிருந்து தண்ணீர் விழுந்ததைத் தெரு பார்த்தது.

சரி, முடிந்தது, இனி தெருவார் வரிசையாக வரலாம் என்று அவர் எழுந்தார். முத்துப்பேச்சி பிள்ளையோடு எழுந்து வீட்டுக்குள் போய்விட்டாள். குத்தினாலும் தானாக வந்தாலும் ஆத்தா ஆத்தாதான், ஆத்தா இருக்கிற உடம்பு ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிறவரை பிள்ளையும் தாயும் இங்கேதான். பிள்ளை நல்லபடியாக எழுந்தால் தெரு குத்திக்கொள்ளும். இது அவள் தீர்ப்பு. ஞானபாக்கியம் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். புருஷனைத் திரும்பிப் பார்க்கவில்லை. அவரும் பின்னாலேயே போகக் காலெடுத்தார். முத்துப்பேச்சி நிலையில் கையை வைத்து மறித்தாள். தளவாய்புரமும் சேத்தூரும் தொட்டுவிட்டு வருகிற ஆள், இந்த வாசலைத் தாண்டக் கூடாது என்றாள். வாசல் வேப்பங்குழையை அவர் முன்னாலேயே புதுசாக மாற்றிக் கட்டினாள்.

ஆக, சுகாதார இலாகாவின் அம்மைகுத்தி தினமும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மிதித்து வந்து, தன் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு எதிரே தெருவில் நின்றார். போதகரையருக்குச் செய்தி போய், வேப்பிலை விவகாரத்தை அவர் எப்படி எடுத்துக்கொள்வது என்று யோசித்துக்கொண்டிருந்தார். வேதசிரோமணிக்கு யோசிக்க நேரமில்லை. சாப்பிட்டாளா என்று வெளியிலிருந்து கேட்பார். சாப்பிட்டாள் என்று பதில் வரும். கொப்புளம் எழும்பிவிட்டதா, சுற்றிச் சிவந்திருக்கிறதா, எவ்வளவு அகலம் என்று கேட்பார். அம்புட்டு அகலம் என்று பதில் வரும். எம்புட்டு என்று அவரும் விடாமல் கேட்பார். தெருவில் போகிறவர்கள் நின்று கேட்டுவிட்டுப் போனார்கள். மில் ஷிப்ட் முடிந்து வந்தவர்கள்கூட, எப்படி இருக்கிறதாம் என்று அவரையே விசாரித்தார்கள்.

ஒருநாள் உள்ளேயிருந்து பிள்ளை விடாமல் அழுகிற சத்தம் கேட்டது. காய்ச்சலா என்று கேட்டார். ஆமாம் என்றார்கள். எவ்வளவு காய்ச்சல் என்றார். அவர் சைக்கிளை அப்படியே போட்டுவிட்டு வாசல்படிக்கு வந்துவிட்டார். முத்துப்பேச்சி வந்து நின்றாள்.

"காய்ச்சல் வரத்தான் செய்யும். பயப்படாதீய. ரெண்டு நாள்ல எறங்கிரும்."

இந்த மூன்று வாக்கியமும் அவருடையவை. பத்து வருஷமாக, எத்தனையோ வாசல்களில், இதே வரிசையில் சொல்லிவிட்டு, கேட்கிறவள் முகத்தைப் பார்க்காமல் பெட்டியை மூடியிருக்கிறார். இப்போதுதான் அதைக் கேட்கிற இடத்தில் நின்றார். அது உண்மை என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒரு பிரயோஜனமும் இல்லை என்றும் தெரிந்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டார். எழுந்து போகச் சொல்ல முத்துப்பேச்சிக்கும் மனசு வரவில்லை. ஒரு செம்பு மோரை எட்ட வைத்துவிட்டு உள்ளே போனாள். காய்ச்சல் விட்டதா என்று கேட்கக்கூடப் பயந்துகொண்டு, உச்சி வெயில் சாய்கிறவரை அங்கேயே இருந்தார். தளவாய்புரம், இலாகா, லத்தீன் எல்லாம் எங்கோ போயிருந்தன.

சாயங்காலம் எதிர்வீட்டுக் கருத்தம்மா தன் வாசல் வேப்பங்குழையை உருவிக் கீழே போட்டாள். அடுத்த வீட்டில் ஒருத்தி உருவினாள். கொஞ்ச நேரத்தில் தெருவில் ஒரே ஒரு வாசலில் மட்டும்தான் குழை மிஞ்சியிருந்தது. முத்துப்பேச்சி தன் பேரனை இடுப்பில் தூக்கிக்கொண்டு படிக்கு வந்தாள். குத்துங்கள் என்றாள். வேதசிரோமணி நிமிர்ந்து பார்த்தார். பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றின பிறகல்லவா என்றார். சொன்னபடி நடக்க வேண்டும் என்பதில் அவருக்கே அப்போது பிடிவாதம் வந்துவிட்டது.

"மாட்டப் பத்தி நீங்க சொன்னதெல்லாம் சரியாத்தான் இருக்கும், ஐயா. நாங்க அதுக்காகக் குத்திக்கிடல. பயந்த மனுசன் கை பதமா இருக்கும்."

அவர் ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்தார். முதல் குச்சியிலேயே பிடித்துக்கொண்டது. பேரன் கத்தினான், அவனுடைய அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அந்த மூன்று வாக்கியங்கள் நாக்கு நுனி வரை வந்து நின்றன. அவற்றைச் சொல்லாமல், நாளைக்கு வந்து பார்க்கிறேன், நாளை மறுநாளும் வந்து பார்க்கிறேன் என்றார். அடுத்து கருத்தம்மா இரண்டு பிள்ளைகளோடு வந்தாள். அவளுக்குப் பின்னால் வரிசை தொழுவத்தைத் தாண்டிப் போயிற்று. வெளிச்சம் இருக்கிறவரை குத்தினார்.

நடுவில் ஒரு தரம், முத்துப்பேச்சி வீட்டுக்குள்ளே பரிபூரணம் எதற்கோ சிரித்த சத்தம் கேட்டது. ஒரு குழந்தையின் கையைப் பிடித்தபடியே அவர் தலையைத் திருப்பினார். எழுந்து போய் ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரட்டுமா என்று முத்துப்பேச்சியிடம் கேட்டார். தண்ணீர் ஊற்றுகிற அன்றைக்குப் பார்க்கலாம், இப்போது பிடித்த கையைப் பாருங்கள் என்றாள் அவள்.